முன்வரிசையில் ஒரு காலி இடம்

"ஹூக்ஸ்ட்ராவா? யாருங்க அது?" என்று ஓரின் ஸ்டாட்லர் நிருபரிடம் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

டோலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆள் சேர்ப்பது ஓரினின் வேலை. அதிலும் முன்வரிசைக்கு ஆள் பிடிப்பதில் கில்லாடி என்று பெயர். பந்தை எறிகிறவன் மேல் எதிரணி வந்து விழாமல் மறித்து நிற்கும் ஐந்து மலைகள்தான் முன்வரிசை. அவர்கள் பெயர் அவரவர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற அணிகள் பணத்தைக் கொட்டும் இடத்தில், ஓரின் பழைய மல்யுத்தக்காரன், எவனோ கழற்றிவிட்டவன் என்று பொறுக்கி வந்து சுவர் எழுப்பிவிடுவார்.

போன வருஷம் அந்தச் சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. இடப்பக்கம் இரண்டாவது ஆள் சரியில்லை. பந்து எறிகிற பையன் பாதி ஆட்டத்தை மல்லாந்து படுத்தபடியே ஆடினான். அணியின் முதலாளி திருமதி ஹால்டேன் கூப்பிட்டுவிட்டார்.

"இந்த வருஷமும் அவன் தரையில கெடந்தா, நீங்க வீட்டுல கெடப்பீங்க."

சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பை அணியின் மற்ற ஆட்டக்காரர்களே தின்றுவிட்டார்கள். ஐந்தாமவன் மலிவாகக் கிடைக்க வேண்டும்.

கிடைத்தான். அயோவாவில் ஒரு குட்டிக் கல்லூரியின் ஹூக்ஸ்ட்ரா, சட்டை எண் எழுபத்திரண்டு. அந்தக் கல்லூரி ஆட்டங்களைப் படம் பிடிப்பவர் பயிற்சியாளரின் மச்சான். பந்து போகிற பக்கமே கேமராவும் போய்விடும், முன்வரிசை படத்திலேயே இருக்காது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றோடு மோதிய ஒரே ஓர் ஆட்டம்தான் உருப்படியாகப் பதிவாகியிருந்தது. அதில் எழுபத்திரண்டு எதிராளியைக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினான். பிறகு கை கொடுத்துத் தூக்கியும் விட்டான். ஓரினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நேரில் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அயோவா பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. அணிகள் முறைவைத்துக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மூன்றாம் சுற்றில் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று இருந்தார்.

ஆனால் அவர் "யாருங்க அது?" என்றால் என்ன பொருள் என்று லீக் முழுக்கத் தெரியும். மல்யுத்தக்காரனை எடுப்பதற்கு முந்தின வாரமும் அதையேதான் கேட்டிருந்தார். மறுநாளே மூன்று அணிகள் அயோவாவுக்கு ஆள் அனுப்பின.

பதறிப்போய், பையனுக்கு முழங்கால் சரியில்லை என்று கசியவிட்டார். உடனே மில்வாக்கி அணிக்கு ஆள் சேர்க்கும் பிரண்ட் என்பவர் ஒரு மருத்துவரை அனுப்பிச் சோதித்தார். முழங்கால் இரண்டும் இரும்பு என்று சான்றிதழே கிடைத்துவிட்டது.

கடைசியாக வானொலியில் உட்கார்ந்து ஹூக்ஸ்ட்ராவை வாயாரப் புகழ்ந்தார். இவ்வளவு புகழ்ந்தால் ஏதோ சூது என்று எல்லோரும் விலகிவிடுவார்களாம். யாரும் விலகவில்லை. இத்தனை வருஷத்தில் ஓரின் உண்மை பேசியது இதுதான் முதல் தடவை என்று பிரண்ட் அடித்துச் சொன்னதாகக் காதுக்கு வந்தது.

"பேசாம இருக்கறதுன்னு ஒண்ணு இருக்கு ஓரின்," என்றாள் மனைவி லெனோர், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. "ஒரு தடவ அதையும்தான் செஞ்சு பாரேன்."

அந்தத் தேர்வு நாளும் வந்தது. இரண்டாம் சுற்றிலேயே மில்வாக்கி ஹூக்ஸ்ட்ராவைக் கொத்திக்கொண்டு போயிற்று. அந்தச் சுற்றுக்கான தன் முறையை ஓரின் அதற்கு முன்பே வேறொருவனுக்குச் செலவழித்திருந்தார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசிச் சுற்றில் முன்வரிசைப் பயிற்சியாளர் மல்ட்ரோ மெல்ல ஆரம்பித்தார். "அதே காலேஜ்ல டெல்மர்னு ஒருத்தன் இருக்கான். ஹூக்ஸ்ட்ராவுக்குப் பக்கத்துல நிக்கறவன். நம்பர் அறுபத்தாறு."

"அறுபத்தாறா? அந்தப் படத்தை அத்தனை தடவ போட்டுப் பாத்தேன். அப்படி ஒருத்தன் கண்ணுலயே படலையே."

"ஆளாவது பெரிசா இருக்கான். வேற யாரும் மிச்சமில்ல."

கண்ணில் படாத அளவுக்கு ஆடியவனை எடுத்து என்ன செய்வது என்று நொந்துகொண்டே, ஓரின் பெயரை எழுதிக் கொடுத்தார். எடுத்தவனை ஆள் சேர்ப்பவரே தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துவது வழக்கம். கூப்பிட்டார். அம்மாதான் எடுத்தார். மகன் பால் கறக்கப் போயிருக்கிறானாம்.

செய்தியைக் கேட்டதும் அந்த அம்மா நன்றிமேல் நன்றி சொன்னார். உங்கள் மகனின் ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஓரின் மரியாதைக்கு ஒரு பொய் சொல்லி வைத்தார். அந்தப் பெரிய பல்கலைக்கழக ஆட்டத்தைப் பார்த்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அதுல அவனை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? அன்னிக்கு ஹூக்ஸ்ட்ரா பல்வலின்னு வீட்டுலயே படுத்துட்டான், இவன் சட்டை வேற கிழிஞ்சு போச்சுன்னு அவனோட எழுபத்திரண்டைல்ல மாட்டிக்கிட்டு ஆடினான்!"