நூற்று மூன்றை இறக்கிய குடும்பம்

மருந்தில்லாமல், வெறும் வாயாலேயே காய்ச்சலை இறக்கிக் காட்டிய முதல் குடும்பம் மனித குல வரலாற்றில் எங்களுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை; இதை அடக்கமாகச் சொல்ல வழி தெரியவில்லை.

நாங்கள் கடைக்காரப் பரம்பரை. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினோம் என்ற களங்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள், காதில் வைத்தால் 'பீப்' என்று காய்ச்சலைச் சொல்லும் கருவியை என் மனைவி வாங்கி வந்தாள். கூட வந்த காகிதத்தை முழுக்கப் படிக்கவும் செய்தாள். எங்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும், அச்சில் இருப்பதை நம்பும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

அன்று மாலை எங்கள் ஆறு வயது மகள் அனலாய்க் கிடந்தாள். மனைவி கருவியின் முனையைத் துடைத்தாள். குழந்தையின் காதுமடலை மெல்ல மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, முனையை நேராக உள்ளே வைத்தாள். பீப்.

"நூத்தி மூணு. டாக்டர்கிட்ட போலாம், கிளம்புங்க."

துணிக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் சிரித்தார். "ஏம்மா, அது வாயைத் திறந்ததும் சொல்ற விலை. அதுக்கே கிளம்பிடறதா?"

உடனே கட்டிலைச் சுற்றி 'வெப்ப நிர்ணய உயர்மட்டக் குழு' கூடியது. தலைவர், அண்ணன். உறுப்பினர், இரும்புக்கடைச் சித்தப்பா. அடியேன், அனுபவமுள்ள தலையாட்டி.

காதை இழுப்பது போன்ற அநாகரிகங்களில் இறங்காமல், அண்ணன் முனையை மடலோரமாகச் சும்மா காட்டினார். நூறு புள்ளி எட்டு.

"பாத்தியா! அசட்டையா காட்டினா அதுவே இறங்கி வருது. ஆசையைக் காட்டினாத்தான் ஏத்தும்."

"மாமா, காதுக்குள்ள வழி வளைவா இருக்கும். இழுத்துப் பிடிச்சு உள்ள வெச்சாத்தான் சரியா காட்டும்," என்றாள் மனைவி.

"உள்ள போய்க் கேட்டா அதிகமாத்தான் சொல்லும். எதையும் வாசல்லயே பேசி முடிக்கணும்மா."

சித்தப்பா 'அடுத்த கடையையும்' விசாரிக்கச் சொன்னார். அதாவது மறு காதை. ஜன்னல் காற்று பட்டுக்கொண்டிருந்த அந்தக் காது, அவருடைய கைவண்ணத்தில் நூறுக்கு வந்தது.

"ஒரே தலை, ரெண்டு விலையா? பகல் கொள்ளைடா இது!"

"பெரியப்பா, குளிருது," என்று முனகினாள் குழந்தை.

"கேட்டீங்களா? குளிருதாம்! காய்ச்சல்காரி பேசற பேச்சா இது? புள்ளயே நம்ம பக்கம்!"

அப்போதுதான் சித்தப்பாவின் மூளை மின்னியது. "சில்லறையா எடுத்தா இப்படித்தான். மொத்தமா எடுத்தா இறங்கும்."

குழு சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறி, ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. எங்கள் மூவர் காதிலும் வைத்துப் பார்த்து, குழந்தையுடைய நூறையும் கூட்டி, நாலால் வகுத்தோம். தொண்ணூற்றெட்டு சொச்சம்! காய்ச்சலே இல்லை! சித்தப்பா என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஆனால் அண்ணன் தர்மவான். "ஒரேயடியா அடிச்சுக் கேக்கக் கூடாது. பாவம், மிஷினும் பொழைக்கணுமில்ல? நூத்தி ஒண்ணுன்னு முடிச்சிடு."

கைகுலுக்கினோம். 'மேற்படி காய்ச்சல் நூற்று ஒன்று. மருத்துவர் அவசியமில்லை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதை அறிவிக்க அறைக்குள் போனால் கட்டில் காலி. போர்வையையும் காணோம்.

கைபேசி அடித்தது. மனைவி.

"தொண்டை பூரா புண்ணாம். டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. நல்லவேளை, தள்ளிப் போடாம கூட்டிட்டு வந்தீங்கன்னாரு. இந்தாங்க, உங்க பொண்ணு பேசணுமாம்."

"அப்பா, என்னை எத்தனைக்கு முடிச்சீங்க?"

"நூத்தி ஒண்ணுக்குடா கண்ணு!" என்றேன், வெற்றி முழக்கமாக.

"இங்க டாக்டர் நூத்தி மூணுன்னாருப்பா. அம்மா பேரமே பேசல. என்னைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா."