மாமனாருக்கு ஹவாய் காட்டிய கதை

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. எதுவும் செய்யாமல் இருப்பது. கூப்பிட்டால் போக வேண்டும், போட்டதைச் சாப்பிட வேண்டும், சாம்பார் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். இது எனக்கு இப்போது தெரிகிறது. கல்யாணமான புதிதில் தெரியவில்லை. அதனால்தான் அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு ஹவாய்த் தீவைத் தூக்கிப் பெருங்களத்தூரில் வைக்கப் போனேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். மாலினியின் அப்பா சேலையூரில் கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதையைக் குறி பார்த்து என் கண்ணில் போட்டார், அதோடு சரி. அதன் பிறகு என்னோடு நேராகப் பேசியதே இல்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, "மாலினி, உன் வீட்டுக்காரர் காபி குடிப்பாரான்னு கேளு" என்பார். மாலினி என்னைப் பார்ப்பாள். "குடிப்பேன்" என்பேன். "குடிப்பாராம்ப்பா" என்பாள். (சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நாடுகள் கூட இதைவிட நெருக்கமாகப் பேசிக்கொள்ளும்.)

அந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்று அத்தை ஆரம்பித்தபோது, "யாரும் எனக்காக மெனக்கெட வேணாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். "பாவம், அப்பாவுக்கு ஹவாய்னா உசுரு. அங்க தென்னமரத்தடியில கால நீட்டி உக்காரணும்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்று மாலினி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள்.

அவள் சொல்லியிருக்கக் கூடாது. நான் அலுவலகத்தில் விழாக்குழுவில் இருந்தவன். ரங்கோலிப் போட்டி, பொங்கல் பானை, ஆயுத பூஜை எல்லாம் என் தலைமையில்தான். எனக்கு ஒரு தீவு எம்மாத்திரம்?

அப்போது நாங்கள் பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் குடி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மொட்டை மாடியின் ஒரு மூலையில் நின்று கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் பீர்க்கன்கரணை ஏரி தெரியும். அதுதான் பசிபிக் பெருங்கடல் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் ராத்திரி பகல் பாராமல் வீடியோ பார்த்தேன். பச்சைத் தென்னங்கீற்றில் குடில் போட வேண்டும். வருகிறவர்கள் கழுத்தில் பூமாலை. சங்கு ஊதித்தான் விருந்தாளியை வரவேற்பார்களாம். முக்கியமான உணவு, மண்ணில் குழி தோண்டி, நெருப்புக் கங்கு போட்டு, இலையில் சுற்றி உள்ளே புதைத்து வேக வைத்த முழுப் பன்றி. மாமா சைவம். ஆகவே பன்றிக்குப் பதிலாக முழுப் பலாக்காய். (இரண்டும் வெளியில் கரடுமுரடு, வெட்டினால் உள்ளே சதை. பெரிய வித்தியாசமில்லை என்று அப்போது தோன்றியது.)

மாமாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அத்தை மத்தியானமே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போகும்படி மாமாவிடம் மாலினி சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஓலை வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் கேட்டார்.

"சார், எங்க போடறது? கேட்டாண்டயா?"

"ஆமாண்ணா. மூங்கிலயும் பக்கத்துலயே சாச்சி வைங்க. நான் அப்பறம் மேல ஏத்திக்கறேன்."

"யாருக்கு சார்?"

"எங்க மாமனாருக்கு."

அவர் முகம் மாறியது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "கஷ்டமாத்தான் கீது. இன்னா பண்றது? மனச தேத்திக்க சார்" என்றார். பாவம், இவரும் எந்த வீட்டிலோ மருமகனாக மாட்டிக்கொண்டவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேவசகாயம் சார் போன் செய்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர்.

"தம்பி, கீழ ஓலை வந்து இறங்கியிருக்கே... உங்க வீட்டுக்கா?"

"ஆமா சார். மாமனாருக்காக."

"அடடா. வயசு என்ன தம்பி?"

"இன்னியோட அறுபது முடியுது சார். சேலையூர் வீட்டுல இடம் பத்தாது, அதான் இங்கயே வச்சுக்கலாம்னு. சார், உங்ககிட்ட ஒரு அனுமதி கேக்கணும். வண்டி நிறுத்தற இடத்துக்குப் பின்னாடி மண் தரை இருக்கு இல்ல? அங்க ஒரு குழி தோண்டிக்கட்டுமா?"

"குழியா?"

"சின்னதுதான் சார். உள்ள வச்சு, வாழை இலை போட்டு மூடி, மேல மண்ணத் தள்ளிட்டா யாருக்கும் தெரியாது."

தேவசகாயம் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, குடும்பம் குட்டி எல்லாம் இருக்கிற இடம் இது. அதுக்குன்னு தனியா இடம் இருக்கே. நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?"

ஏதோ விருந்து மண்டபத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "வேணாம் சார், சிரமப்படாதீங்க. குழிய விட்டுடறேன். கேட் கிட்ட ஒரு மண் சட்டியில நெருப்பு மட்டும் வச்சுக்கறேன்."

"அது வச்சுக்கங்க. அது முறைதானே. நான் எல்லாருக்கும் சொல்லிடறேன். தைரியமா இருங்க."

விருந்துக்கு ஆள் கூப்பிடும் வேலையையும் தானே ஏற்றுக்கொள்கிறாரே, எவ்வளவு பெரிய மனது என்று நெகிழ்ந்துபோனேன்.

சமையலறையில் நிலைமை கொஞ்சம் மோசமாக இருந்தது. ஹவாயில் சேப்பங்கிழங்கை வேக வைத்து மாவு போல மசித்துச் சாப்பிடுவார்களாம். அத்தை மசித்து முடித்தபோது அது சாம்பல் நிறத்தில், கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வரும் பதத்தில் இருந்தது. "மாப்ள, இதுல சுவத்துல போஸ்டர் ஒட்டலாம். சாப்பிட முடியாது" என்றார் அத்தை. மற்றதிலெல்லாம் அன்னாசிப்பழம். அன்னாசி ரசம், அன்னாசி கேசரி, அன்னாசி பஜ்ஜி. பஜ்ஜி எண்ணெயில் விழுந்ததும் வெடித்தது.

மாலினி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கண்ணில் நீர் வழியக் கதவைத் திறந்தாள். எதிர் வீட்டு அக்கா நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் அவளைக் கட்டிக்கொண்டு, "தைரியமா இரு கண்ணு. எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான். இன்னிக்கு நீங்க அடுப்புப் பத்த வைக்காதீங்க, நாங்க சாப்பாடு கொண்டு வர்றோம்" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

"நீ ஏண்டி அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கல?" என்று பிற்பாடு கேட்டேன்.

"உங்களக் கட்டிக்கிட்டதுக்குத்தான் ஆறுதல் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

சாயங்காலம் நான் மொட்டை மாடியில் அலங்காரம் செய்துகொண்டேன். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலையில் ஒரு பூ வளையம். இடுப்பில், பந்தல்காரர்கள் பயன்படுத்தும் பச்சை பிளாஸ்டிக் நாரைக் கிழித்துக் கிழித்து நானே கட்டிய புல் பாவாடை. (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.) கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே பார்த்தேன். அசந்துவிட்டேன். வண்டி நிறுத்தும் இடம் முழுக்க நாற்காலிகள். குடியிருப்பே திரண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாரும் வெள்ளைச் சட்டை. சிலர் கையில் ரோஜா மாலை கூட வைத்திருந்தார்கள். கேட் அருகே என் மண் சட்டியில் பலாக்காய் புகைந்துகொண்டிருந்தது. பூப்போட்ட உடை என்று நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தேவசகாயம் சார் கீழேயிருந்து போன் செய்தார். "தம்பி, எல்லாரும் வந்தாச்சு. எத்தன மணிக்கு எடுக்கறீங்க?"

நான் பலாக்காயைப் பார்த்தேன். "இன்னும் ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம் சார். ரொம்ப நேரம் வச்சா கொழஞ்சிடும்."

அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அவரு... இன்னும் வந்து சேரலியே?"

"வந்துக்கிட்டே இருக்காரு சார். கேம்ப் ரோட்டுல டிராஃபிக்காம்."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பியது. உள்ளே மாமா. நான் போனை வைத்துவிட்டுச் சங்கை எடுத்தேன். முந்தின நாளெல்லாம் ஊதிப் பார்த்ததில் வெறும் காற்றுதான் வந்திருந்தது. அன்றைக்கு என்ன அதிர்ஷ்டமோ, பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தம் வரை கேட்கும்படி முழங்கியது. கீழே இருந்த அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல எழுந்து தலை குனிந்தார்கள். என்ன ஒழுங்கு, என்ன மரியாதை! பூரித்துப்போய் படிகளில் இறங்கி ஓடினேன்.

நான் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் கீழே நடந்ததை மாமா பிறகு பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

ஆட்டோவை விட்டு இறங்கியவர் கண்ணில் முதலில் பட்டது, மேலே குடில் போட்டது போகக் கேட் அருகே மிஞ்சிக் கிடந்த பச்சை ஓலை. அப்புறம் மூங்கில், நெருப்புச் சட்டி, வெள்ளைச் சட்டைக் கூட்டம். தலைக்கு மேலே சங்குச் சத்தம். பக்கத்தில் நின்ற தேவசகாயம் சாரிடம், "எந்த வீடு சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"மூணாவது மாடிங்க. மாலினின்னு ஒரு பொண்ணு..."

மாமா சட்டென்று தேவசகாயம் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு சார்? என் மாப்ளைக்கு ஏதாவதா? சொல்லுங்க சார், என் மாப்ள எங்க?"

"பதறாதீங்க. அந்தத் தம்பி நல்லாத்தான் இருக்காரு. போனது அவரோட மாமனார்."

மாமா உடனே தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டதாகச் சொல்வார், அது மிகை. பிறகு மெதுவாக, "உங்களுக்கு அவரத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியும் சார்" என்றார் தேவசகாயம் சார். துக்க வீட்டில் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "தங்கமான மனுஷன். மாப்பிள்ளையச் சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாரு. பேச ஆரம்பிச்சார்னா ரெண்டு பேரும் மணிக்கணக்கா பேசிக்கிட்டே இருப்பாங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் புல் பாவாடை சலசலக்கக் கூட்டத்துக்கு நடுவில் குதித்து, இரண்டு கையையும் விரித்து, "அலோஹா மாமா!" என்று கத்தினேன்.

யாருடைய கையிலிருந்தோ ஒரு மாலை நழுவிக் கீழே விழுந்தது.

"மாமாவா?" என்றார் தேவசகாயம் சார். என்னைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அப்ப... நீங்க எடுக்கறேன்னது யாரை?"

"பலாக்காய் சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்க ஆரம்பித்தது. ஓலை, மூங்கில், சங்கு, கொழஞ்சிடும். மேலே திரும்ப ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பாவாடையின் ஒரு பக்கம் பக்கத்து நாற்காலியில் மாட்டியிருந்தது.

மாமாவின் தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறார், இனி மாலினி வழியாகக் கூட என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. பிறகு சத்தம் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, என் பாவாடையைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து சிரித்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த அத்தை, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா!" என்று திருஷ்டி கழிக்க உப்பைத் தேடி மறுபடி மேலே ஓடினார்.

சிரித்து முடித்ததும் மாமா முதன்முதலாக என்னை நேராகப் பார்த்துப் பேசினார். "மாப்ள, அந்த மாலையெல்லாம் எனக்குத்தான வாங்கியிருக்காங்க? போடச் சொல்லுங்க."

வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் போட்டார்கள். ரோஜாவும் சம்பங்கியும் காது வரை ஏறிவிட்டன. உண்மையான ஹவாயில் கூட யாருக்கும் இவ்வளவு கனமான வரவேற்பு கிடைத்திருக்காது. பலாக்காய் அடியில் கரியாகவும் உச்சியில் பச்சையாகவும் இருந்தது. கடைசியில் எல்லாரும் சாப்பிட்டது, துக்க வீட்டுக்கென்று எதிர் வீட்டு அக்கா சமைத்துக் கொண்டுவந்திருந்த இட்லியும் தக்காளி சாதமும்தான். என் கேசரி மட்டும் தீர்ந்தது. மொட்டை மாடியில் ஓலைக் குடிலுக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஏரியைப் பார்த்தபடி, மாமா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் சங்கடத்தோடு நெளிந்துகொண்டிருந்த தேவசகாயம் சாரிடம், "சார், என்னைப் பத்தி நாலு வார்த்தை பேசத்தான வந்தீங்க? பேசிடுங்க, கேட்டுக்கறேன்" என்றார். அவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, "அன்னார் எளிமையானவர், இனிமையானவர்" என்று முழு இரங்கல் உரையையும் ஆற்றினார். கைதட்டல் அடங்க நேரமானது.

அந்த ருசி மாமாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் எங்கள் வீட்டில் கேக் வெட்டியதும் இரங்கல் கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் எழுந்து மாமாவைப் பற்றிப் பேச வேண்டும். அவர் மாலை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து கேட்பார், விடைத்தாள் திருத்துவதைப் போல நடுநடுவே திருத்துவார். அத்தை பேசியபோது, "பாதிக்கு மேல புகார்தான் இருக்கு" என்று மதிப்பெண் குறைத்தார். போன வருடம் என் முறை. உருகி உருகிப் பேசினேன். தேவசகாயம் சாரே கண் கலங்கினார். மாமா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"சுமார்தான் மாப்ள. உங்க யாருக்கும் என்னைப் பத்திச் சரியா சொல்ல வரல. அடுத்த வருஷம் நானே பேசிக்கறேன்."