எடைக்கு எடை நிலக்கடலை

ஊரே வேடிக்கை பார்க்க நான் முட்டாளானது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். (இந்தக் கணக்கை என் மனைவி தனம் ஒப்புக்கொள்ள மாட்டாள்.)

பட்டன் செல்போன் கைக்கு வந்திருந்த காலம். எங்கள் மகள் பவித்ராவுக்கு நாலு வயதில் சென்னையில் ஈரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தன் ஈரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தவள் தனம். நான் கொடுத்தது ஒரு வேண்டுதல். பிள்ளை பிழைத்தால், சாணார்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு அவள் எடைக்கு எடை நிலக்கடலை, அதுவும் எங்கள் காட்டில் விளைந்தது. இரண்டில் எது பெரிய தியாகம் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

பிள்ளை பிழைத்தாள். ஒரு வருடம் கழித்து, வேண்டுதலை நிறைவேற்ற நாள் குறித்திருந்த சமயம், ஒருநாள் கடலைச் சட்னி தின்றதும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. தனம் சென்னை டாக்டருக்குப் போன் போட்டாள். புது ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்தால் சில பிள்ளைகளுக்கு இப்படிப் புதிதாக ஒவ்வாமை வருவதுண்டு, பரிசோதிக்கும் வரை கடலையே கூடாது என்றார் அவர்.

"பல்லு மொளச்சதுலருந்து கடல தின்ன பிள்ளைக்கு இப்ப ஆகாதாமா? அந்தாளுக்கு என்ன தெரியும்?" என்றேன். (ஈரலையே மாற்றி வைத்த மனுசனைப் பற்றி!)

"வெல்லத்த வச்சு நிறுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் தனம்.

"நேந்தது நேந்ததுதான்."

"சரி, நிறுத்துக்கங்க. ஒரு பருப்பு பிள்ள வாயில போகக் கூடாது."

துலாபாரத்தன்று ஒரு தட்டில் பவித்ரா, மறு தட்டில் கடலை மூட்டை. ஊர்க்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். வயிற்றில் தழும்போடு தனம் அந்தப் பக்கம் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். நிறுத்ததில் முதல் கடலையைப் பிள்ளை வாயில் போடுவது எங்கள் வழக்கம். நான் தயங்கியதை என் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"ஏலே, கடலக்காட்டுப் பிள்ளைக்குக் கடல ஆகாதா? வெளிய சொன்னா சிரிக்க மாட்டாய்ங்க?"

நாலு பேர் சிரிக்கவே செய்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கடலையை உடைத்தேன்.

"அம்மா வேணாம்னு சொல்லுச்சுப்பா" என்றாள் பவித்ரா.

"ஒண்ணே ஒண்ணு. ஒண்ணும் ஆகாதுடா தங்கம்."

நான் சொன்னேன் என்று தின்றாள். செத்த நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள், என் மாலை மேலேயே வாந்தி எடுத்தாள், முகம் வீங்கி மூச்சு இழுத்தது. கரண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்த தனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். திண்டுக்கல் வரும் வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மாலையைக் கழற்றவும் தோன்றாமல் ஆஸ்பத்திரிக்குள் ஓட, "மாப்பிள்ள வீட்டுக்காரவுகளா?" என்று கேட்டார் நர்ஸ்.

ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு டாக்டர் வந்தார்.

"தெரியாமக் குடுத்துட்டீங்களா?"

நான் அப்போதுதான் மாலையைக் கழற்றத் தொடங்கினேன். தனம் சொன்னாள்: "தெரிஞ்சேதான் சார் குடுத்தாரு. நான் ஈரலக் குடுத்தேன், இவரு கடலையக் குடுத்தாரு."

பவித்ரா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கடலை இன்றைக்கும் ஆகாது. தோழிகள் வந்தால் எங்களை அறிமுகப்படுத்துவதே இப்படித்தான்: "இது ஈரல் குடுத்த அம்மா, இது கடல குடுத்த அப்பா." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் இன்றுவரை அவள் தட்டில் நான் எதை வைத்தாலும், முதலில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். தனம் தலையாட்டிய பிறகுதான் கை வைப்பாள்.