கடைசி அண்ணனின் பத்தாவது பாட்டு

சிங்கப்பூரில் வரிசையில் நிற்காதவர் யாருமில்லை. ஆனால் காத்திருப்பதை ஒரு தொழிலாக, தவமாக, சொல்லப்போனால் உல்லாசமாகவே செய்த ஒரே மனிதர் எங்கள் கடைசி அண்ணன்தான். சத்தியம் செய்து சொல்வேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைக் காக்கவைத்த பாவி நான்தானே!

எழுபதுகளின் பிற்பாதி. மேடை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு மூன்றாம் கவுண்டர். சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். புருவத்தை மறைக்கும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் காலரைத் தொடும் முடி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஆண்பிள்ளையை எல்லாருக்கும் கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும். அது அந்தக் காலத்து விதி. அண்ணனுக்கு மூன்றும் இருந்தன. அதனால் இரண்டாம் கவுண்டர் ஜமீலா அக்கா அவருக்குக் 'கடைசி' என்று பெயர் வைத்தார். நான் மரியாதைக்கு 'அண்ணன்' சேர்த்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் பக்கிரிசாமிதான் இந்த விதிக்குக் காவல் தெய்வம். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. மர ரூலரை எடுத்துக்கொண்டு வந்து அண்ணனின் பிடரியில் வைத்து அளப்பார்.

"காலருக்குக் கீழ ரெண்டு இஞ்சு! போய்ப் பின்னாடி உக்காருங்க!"

"போன வாரம் ஒன்றரைதானே சார் சொன்னீங்க? வளந்திருக்கு லா!" என்று அண்ணன் முகம் மலர்ந்து சொல்வார். பக்கிரிசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'ஃபைவ் ஆங்கர்ஸ்' என்று ஒரு இசைக்குழு அப்போது கொடிகட்டிப் பறந்தது. ஹோட்டலா, கப்பலா, கல்லூரி விழாவா, எங்கு பார்த்தாலும் அவர்கள்தான். அதில் பேஸ் கித்தார் இவருடையது. ஒருநாள் அவர்களைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். முடியை வெட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று நிபந்தனை. ஐந்து பேரும் தேக்காவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனார்கள். நாலு பேர் வெட்டிக்கொண்டார்கள். ஐந்தாவதாக உட்கார்ந்த அண்ணன், கத்தரிக்கோல் காதருகே வந்ததும் எழுந்தார். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு சிராங்கூன் சாலையில் ஓடி, வந்த பஸ்ஸில் ஏறி, பிடோக்கில் போய் இறங்கினார். குழுவோடு உறவு அன்றோடு முடிந்தது. நாலு பேராகிப்போன பிறகும் டிரம்மில் 'ஃபைவ்' என்றே எழுதியிருந்ததுதான் வேடிக்கை.

"முடிக்காகவா அண்ணே இவ்வளவு பெரிய குழுவை விட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முடி ஒரு சாக்கு தங்கச்சி. எட்டு வருஷமா அடுத்தவன் பாட்டையே வாசிச்சாச்சு. என் பாட்டை, தமிழ்ல, ஒரே ஒரு தடவை மேடையில வாசிச்சுப் பாக்கணும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

இதற்காகத்தான் தனி ஆல்பம். அதன் வெளியீட்டு விழாவுக்காகத்தான் எங்களிடம் அனுமதி. விண்ணப்பப் பாரத்தில் 'பாடல்களின் எண்ணிக்கை' என்ற இடத்தில் மனிதர் 'பத்து' என்று எழுதிவிட்டார். கையில் இருந்ததோ ஒரே பாட்டு! பத்துப் பாட்டின் வரிகளும் வந்து சேர்ந்தால்தான் அனுமதி. எண்ணிக்கையைத் திருத்தினால் எல்லாம் முதலிலிருந்து. ஆக, வாரம் ஒரு பாட்டோடு வருவார்.

அந்தப் பாட்டை எங்கே எழுதுவார் என்கிறீர்கள்? எங்கள் அலுவலகத்துப் பெஞ்சில்தான். வரும்போது வெறும் தாள். மற்ற எல்லாரையும் நாங்கள் அனுப்பி முடிப்பதற்குள் பல்லவி, இரண்டு சரணம், எல்லாம் தயார். கூட்டம் குறைந்த நாட்களில் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! யாராவது வாசலில் தலைகாட்டினால் ஓடிப்போய், "வாங்க வாங்க, நீங்க முன்னாடி போங்க, நான் முடி வளத்தவன்" என்று கையைப் பிடித்து அழைத்து வருவார். ஒருநாள் தபால்காரரைக்கூட வரிசையில் நிறுத்திவிட்டார்.

ஒலிப்பதிவு பிடோக்கில் அண்ணன் வீட்டில் நடந்தது. சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்துவிட்டு, கித்தார், டிரம், பாட்டு எல்லாம் அவரே. மூன்றாம் பாட்டு மட்டும் முடியவே இல்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் கீழே பழைய சாமான் வாங்குகிற சீனப் பெரியவர் 'பாம் பாம்' என்று ஹார்ன் அடிப்பார். கடைசியில் அண்ணன் அவரை மேலே கூட்டிவந்து, கோப்பி கொடுத்து, பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரியவர் தலையாட்டிக் கேட்டு, சரணம் முடிகிற இடத்தில் தாளத்தோடு இரண்டு முறை அடித்தாராம். அந்த ஹார்ன் இன்றும் கேசட்டில் இருக்கிறது, உறையில் அவருக்கு நன்றியும் இருக்கிறது.

ஒன்பது பாட்டு வந்து சேர்ந்தது. விழா ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் போகும் மாதா கோயில் மண்டபத்தில். அந்த ஞாயிறு தவறினால் மண்டபத்தில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள், அந்த வருஷம் வேறு நாளே இல்லை. பத்தாவது பாட்டு வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குள் என் கைக்கு வரவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து, தீபாவளிக் கலைநிகழ்ச்சி நடத்துகிற அத்தனை சங்கமும் படையெடுத்து வந்தது. பெஞ்சில் இடமில்லை, படிக்கட்டிலும் ஆட்கள். கடைசி என்றால் அன்றைக்கு இல்லை என்றே அர்த்தம்.

நான் காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். விதியாவது மண்ணாவது! அவர் பாரத்தை எடுத்து மேசை இழுப்பறையில் தனியாக வைத்தேன். ஜமீலா அக்கா பார்த்துவிட்டார்.

"ஏய், அவரை முன்னாடி விடப்போறியா? மொட்டை பாத்தா உன் வேலை போயிடும்டி!"

"போனா போகட்டும்கா. அந்த மனுஷன் எத்தனை மாசமா வந்து உக்காந்திருக்காரு!"

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சாப்பிடக் கிளம்பிய ஜமீலா அக்காவிடம் வாசலில் ஏதோ பேசினார். பிறகு ஆளைக் காணவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மனசு விட்டுப் போய்விட்டாரோ என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு, தன் முறை வந்து, கவுண்டரில் ஒருவர் தாளை நீட்டினார். ஒட்ட வெட்டிய கிராப்பு, விறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு காது. காலரெல்லாம் துணுக்கு முடி.

"பேரு சொல்லுங்க," என்றேன்.

"கடைசி," என்றார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கிரிசாமி ரூலரோடு ஓடிவந்தார். முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். அளக்க எதுவும் இல்லை. பாவம், ரூலரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

நான் தாளைப் பிரித்தேன். பல்லவியும் ஒரே ஒரு சரணமும்தான் இருந்தது. கீழே முக்கால் பக்கம் வெள்ளை.

"மீதி எங்கண்ணே?"

"மீதி ஹம்மிங் தங்கச்சி. கடைக்குப் போயிட்டு வந்து வரிசையில நின்னா, மடமடன்னு என் முறை வந்துடுச்சு. இப்படி சீக்கிரம் கூப்பிட்டா மனுஷன் எப்படிப் பாட்டு எழுதறது?"

முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஜமீலா அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான்தான் சொன்னேன். உங்களுக்காக இந்தப் பொண்ணு வேலையை விடப்போகுதுன்னு. நேரா தேக்காவுக்குப் போனாரு."

தொலைக்காட்சிக்காக வெட்டாத முடி. அன்றைக்கு அப்புறம் நான் ஒரு பாரத்தையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையை உற்றுப் பார்த்தால், அன்று கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடிய அதே கடைத் துணி! வேவு பார்க்க வந்த பக்கிரிசாமி மூன்றாம் பாட்டில் காலால் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆங்கர்ஸ் நாலு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது பாட்டில் வரிகள் தீர்ந்துபோய் அண்ணன் முனகத் தொடங்கியதும் அந்த நாலு பேரும் எழுந்து நின்று கூடச் சேர்ந்து முனகினார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசித்தார்.

பிறகு அவர் ஆஸ்திரேலியா போய்விட்டதாகச் சொன்னார்கள். கேசட் எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் பத்திரமாக இருக்கிறது. பத்தாவது பாட்டில் வரிகள் தீர்ந்து வெறும் ஹம்மிங் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

"பாட்டு அப்பவே முடிஞ்சுபோச்சே, ஆஃப் பண்ணேன்."

நான் பண்ணமாட்டேன். எங்கள் பெஞ்சில் அந்த மனுஷன் எனக்காகக் காத்திருந்த நேரத்துக்கு, இந்த நாலு நிமிஷம் நான் அவருக்காகக் காத்திருக்கக் கூடாதா?