முதலில் வாசலைத் தாண்டுவது யார்

மறுபடியும் நாய்தான் முதலில் வாசலைத் தாண்டியது. உதவி மேலாளர் தூக்கிய காலோடு உள்ளேயே நின்றார். தாண்டியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அது படிக்கட்டின் விளிம்பில் குறுக்கே நின்று, திரும்பி, இப்போது வரலாம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது.

அலுவலகத்தில் மேலாளரிடமும் இதே பார்வை உண்டு.

"பாத்தியா? என் வீட்டு வாசல்லயே எனக்கு அனுமதி குடுக்குது."

"யாராவது ஒருத்தர் குடுக்கட்டுமே. நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு நேரமாகுது" என்றாள் மனைவி. அவள் நூலகர். குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கிற உத்தியோகம்.

நாய் வந்து சில நாள்தான் ஆகிறது. மனைவியோடு நூலகத்தில் வேலை பார்க்கும் பெண், தன் பெரியப்பாவால் இனி அதை வைத்துக்கொள்ள முடியாது, வயதான நாய், தங்கமான நாய் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே வந்து பார்ப்பார், சரிப்படவில்லை என்றால் திரும்ப அழைத்துப் போய்விடுவார் என்று பேச்சு. மனைவிக்கு அது போய்விடக் கூடாது. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அவள் வேலையிலிருந்து வரும்போது எழுந்து வந்து வரவேற்ற முதல் ஜீவன் அது. அதுவரை அந்த வீட்டில் அவளை வரவேற்றது டிவி சத்தம்.

உதவி மேலாளருக்கும் நாயைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவர் பேச்சை அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின்கூடக் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்காத இன்னொன்றை வைத்துக்கொள்ள அவரிடம் தெம்பு இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது என் பேச்சக் கேக்கணும். இல்லேன்னா அது கெளம்பட்டும்" என்று அறிவித்தார்.

மனைவி நாயின் காதைத் தடவினாள்.

அன்று சாயங்காலமே அவர் பூங்காவில் நாய்ப் பயிற்சியாளரைப் பிடித்தார். கழுத்தில் விசில் தொங்க, அவர் டாக்டர் மாதிரி விசாரித்தார்.

"முன்னாடி போகுதா?"

"போகுது."

"குறுக்க நிக்குதா?"

"எப்பப் பாத்தாலும். ரோட்டைத் தாண்ட நான் 'போ'ன்னா கல்லு மாதிரி நிக்குது. லாரி போன பிறகு அதுவா நகருது."

"மனசத் தேத்திக்குங்க சார். உங்க வீட்ல இப்ப நீங்க தலைவர் இல்ல."

"அது நாய் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். மேல சொல்லுங்க."

பயிற்சியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னொரு காலத்துல ஒரு ஆராய்ச்சியாளர் மிருகக்காட்சிச் சாலைல ஓநாய்ங்கள கவனிச்சாரு சார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் அதுங்க. ஒரே உறுமல், ஒரே கடி. கடைசீல ஒண்ணு மேல, மத்தது எல்லாம் கீழ. மேல இருக்குறதுக்குப் பேரு ஆல்ஃபா. நாய் ஓநாயோட வாரிசு. உங்க வீடு ஒரு கூட்டம். அதுல ஒரு தலைதான் இருக்க முடியும்."

உதவி மேலாளருக்குப் புல்லரித்தது. பிரபஞ்ச இயந்திரத்தின் மூடியை யாரோ திறந்து காட்டிய மாதிரி இருந்தது. மேலாளர் ஏன் லிஃப்டில் நடுவில் நிற்கிறார், தன் நாற்காலிக்கு மட்டும் ஏன் சக்கரம் சுற்றுவதில்லை, எல்லாமே விளங்கிவிட்டது. ஒரு கூண்டைப் பார்த்து உலகத்தையே ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்.

"நான் என்ன செய்யணும்?"

"கண்ணக் குடுக்காதீங்க. தலைவன் கீழ பாக்கவே மாட்டான். தாடைய மேல தூக்கி, தூரத்துல பார்வைய வெச்சு நடங்க. குறுக்க என்ன வந்தாலும் விலகாதீங்க. அதுவா விலகும்."

உதவி மேலாளர் தாடையை மேலே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். நாய் விலகியது. டீப்பாய் விலகவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, நாய் அவருக்கும் டீப்பாய்க்கும் நடுவில் வந்து நின்றிருந்தது. அதன் முகத்தில் ஏதோ ஒரு பழைய பொறுப்பு மறுபடியும் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அது அவரை விடவில்லை. குளியலறைக் கதவு வரை வந்தது. அவர் தூரத்தைப் பார்த்து நடந்தால் விலாவால் நெட்டி முக்காலியைச் சுற்றிக் கொண்டுபோனது.

"என்னையவே ஓட்டுது" என்றார் அவர், வியப்பில் வாய் பிளந்து. "என்ன ஒரு அதிகாரம்."

அடுத்த பாடம், தலைவன் முதலில் சாப்பிட வேண்டும், அதுவும் தொண்டரைப் பார்க்காமல். உதவி மேலாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கரண்டி வாயைத் தேடிப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தது. நாய் எழுந்து போய் அதைக் கவ்விக் கொண்டுவந்து, பக்குவமாக அவர் மடியில் வைத்தது.

"என் கரண்டிய எனக்கே தானம் பண்ணுது."

"நன்றி சொல்லிட்டுக் கழுவிக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. கையில் நூலகத்துப் புத்தகம் இருந்தது. "உங்க ஓநாய்க் கதைய நானும் தேடிப் பாத்தேன். அந்தக் கூண்டுல இருந்ததுங்க ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்லையாம். அங்கங்க இருந்து கொண்டுவந்து ஒண்ணா அடைச்சதாம். ஓடிப் போகவும் வழி இல்ல. கடிச்சுக்காம என்ன செய்யும்? உங்க ஆபீஸ் மாதிரிதான்."

"காட்டுல?"

"காட்டுல கூட்டம்னா பெரும்பாலும் அப்பா, அம்மா, புள்ளைங்க. அவ்வளவுதான். மேல இருக்குறது யாரையும் ஜெயிச்சு வந்த பதவி இல்ல, பெத்து வந்தது. இந்த ஆல்ஃபா கதைய புத்தகத்துல எழுதிப் பரப்புன ஒருத்தரே, பின்னாடி காட்டுல போய்ப் பாத்துட்டு, என் புத்தகத்த இனி அச்சடிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாராம்."

உதவி மேலாளர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்க்க மறந்து அவளையே பார்த்தார். தான் எழுதியது தப்பு என்று ஒருவர் தானே சொல்வதா? அவர் சர்வீசில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை.

"பெரிய மனுஷன்" என்றார். பிறகு, "இருந்தாலும் அது என் கரண்டிய எடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தாடையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் பயிற்சியாளர் சொன்னபடி நாயோடு தெருவில் இறங்கினார். தரையைப் பார்ப்பதே இல்லை என்று வைராக்கியம்.

அங்கே நடந்ததை அவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். நடைபாதையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யாருக்கும் வழிவிடாத அடுத்த தெருக் குண்டு மனிதர் தானே தெருவில் இறங்கி நின்றார். கார்கள் நின்றன. ரொட்டிக் கடையில் வரிசையே அவரை முன்னால் அனுப்பியது. கடைக்காரர் பையை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, "பாத்துப் போங்க சார்" என்றார். குரல் தழுதழுத்தது.

"மனுஷங்ககிட்டயும் வேலை செய்யுது" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கிசுகிசுத்தார். "ஊரே என்னத் தலைவனா ஏத்துக்கிச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

அந்தப் பாக்கியை வசூலிக்க அவர் மாடிக்குப் போனார். அவர் இறங்கத் திரும்பியபோது படியின் மேல் விளிம்பில் நாய் குறுக்கே நின்றது. அவர் தாடையைத் தூக்கினார். பார்வையை எதிர்ச் சுவரில் வைத்தார். "விலகு" என்று சொல்லி ஒரு அடி எடுத்து வைத்தார்.

நாய் விலகவில்லை. அவர் தள்ளினார். அது உறுமவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அவர் சட்டைக் கையைப் பற்களில் பிடித்துக்கொண்டு, கால்களை ஊன்றி, அவரை மெல்லப் பின்னால் இழுத்துத் தரையில் உட்கார வைத்தது. பிறகு பக்கத்தில் தானும் உட்கார்ந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கண்ணியமாக யாரும் செய்ததில்லை.

"தோத்துட்டேன்" என்றார் கீழே வந்து. "நாளைக்கு அந்தப் பெரியப்பா வரட்டும், கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"உங்க இஷ்டம்" என்றாள் மனைவி. போய் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் டிவி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா தனியாகத்தான் வந்தார். ஆட்டோக்காரர் வாசல் வரை விட்டுவிட்டுப் போனார். நாய் உடம்பு முழுவதையும் வாலாக்கிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தது. அவர் குனிந்து அதன் முகத்தை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தாள்.

அதே சமயம் மாடிப்படியில் காலடிச் சத்தம். தோற்றாலும் தலைவனாகவே தோற்பது என்று முடிவு செய்து, உதவி மேலாளர் தாடையைத் தூக்கியபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாய் பெரியப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடியது. உதவி மேலாளரின் இடது காலோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு படியாக இறக்கி, டீப்பாயைச் சுற்றி, முக்காலியைத் தாண்டி அவரைக் கொண்டுவந்து, நாற்காலியின்மேல் தன் தாடையை வைத்துக் காட்டியது. உதவி மேலாளர் உட்கார்ந்தார்.

பெரியப்பா அசையாமல், தரையில் நாயின் நகச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இத்தன வருஷமா எனக்குக் கண்ணே இதுதாம்மா. வயசாயிருச்சு, இனி வழிகாட்ட வெக்கக் கூடாது, ஓய்வு குடுத்துருங்கன்னுட்டாங்க. வேலை இல்லாம ஏங்கிப் போயிருமேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இனி இத நான் கேக்க மாட்டேன். இங்கதான் இருக்கணும்."

பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து, நாற்காலியில் இருப்பவர் மனம் நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சாருக்குப் பார்வை எப்பம்மா போச்சு?"