போட்டான் சார் வீட்டு வெற்றிலை

பினாங்குத் தீவிலேயே வெளிச்சத்தைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் போட்டான் சார்தான். ஊரில் எல்லாரும் இருட்டினால் கதவைச் சாத்துவார்கள். இவர் விடிந்தால் சாத்துவார்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீடு. இயற்பியல் டியூஷன் எடுப்பவர். ஒளி துகள்களாக வந்து மோதும், அந்தத் துகளுக்குப் போட்டான் என்று பெயர், மோதிய வேகத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் தெறித்து ஓடும் என்று நடத்துவார். சிவப்பு ஒளியை வாளி வாளியாகக் கொட்டினாலும் அசையாத தகட்டை, துளி ஊதா ஒளி அசைத்துவிடுமாம். பாடம் முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"ஒரு நேரம் அலைங்குது, ஒரு நேரம் துகளுங்குது. இப்படி ரெண்டு பக்கமும் பேசுற ஆள வீட்டுக்குள்ள விடலாமா?"

அவர் விடவில்லை. ஜன்னலுக்கெல்லாம் தடித்த திரை, கூடம் முதல் கழிவறை வரை சிவப்பு பல்பு. கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி ஏதோ சாமி வீடு என்று வாசலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போனார். லாட்டரிக்கு நம்பர் கேட்டுச் சிலர் வந்தார்கள். வேறு சிலர் என்ன நினைத்து வந்தார்கள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

இந்த லட்சணத்தில், நாற்பதைத் தாண்டியவருக்கு ஒரு வரன் வந்தது. பெண் கலா, பாலிக் புலா ஆஸ்பத்திரியில் தாதி. சாருக்கு ரொம்பப் பிடித்துப்போய், சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். பெண்ணின் அண்ணன் வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அன்று ஒரு நாளாவது வெள்ளை விளக்கைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். வெளிச்சம் எனக்கு லஞ்சம் கொடுத்துவிட்டதோ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்று சார் வீட்டுக்குத் தங்கையோடு வந்த அண்ணனின் முன்னால் வெற்றிலைத் தட்டை வைத்தேன். அந்தச் சிவப்பில் பச்சை வெற்றிலை கரியாகத் தெரிந்தது. நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"வெத்தில ஏன் சார் கறுப்பா இருக்கு? இங்க என்ன பூஜை நடக்குது?"

சிவப்பு விளக்கில் பச்சை அப்படித்தான் தெரியும் என்று நான் விளக்கப்போக, என்னையும் கூட்டாளி என்று முடிவு கட்டிவிட்டார்.

"கலா, கெளம்பு லா."

கலா எழுந்திருக்கவில்லை. எதற்கு இந்தச் சிவப்பு என்று சாரையே கேட்டார். சார் சுவரில் மாட்டியிருந்த தம் தாயாரின் படத்தைக் காட்டினார். ஒரு காலத்தில் ஜன்னலோரம் இருந்த கலர் படம். ஒரு கன்னம் வெளுத்தே போயிருந்தது.

"அம்மாவோட படம் இது ஒண்ணுதான் இருக்கு. போட்டான் மோதி மோதிக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டுப் போவுது. சிவப்புக்கு அந்தப் பலம் கெடையாது."

கலா கைப்பேசியை எடுத்தார். "ஒரு நிமிஷம் வெள்ள லைட்டு போடுங்க சார். நல்லா படம் எடுத்து வெச்சுட்டா, அப்புறம் அம்மா எங்கயும் போவ மாட்டாங்க."

என் வீட்டு மேஜை விளக்கை ஓடிப்போய் எடுத்து வந்தேன். சார் சிவப்பை அணைத்து, அந்த விளக்கைப் போட்டார். கலா படம் எடுத்தார். அண்ணன் பச்சை வெற்றிலை ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

படம் எடுத்து முடித்த பிறகும் சார் விளக்கை அணைக்கவில்லை. இந்தச் சந்தேகப் பிராணி நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.