பின்வாசல் வைத்த தொகுதியார்

தொகுதியார் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மழை வருமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "மழையா? நம்ம தொகுதியோட ரெண்டாவது மெம்பர் ஜெயிச்ச அன்னிக்குப் பெஞ்சுது பாருங்க!" என்று தொடங்கி, அந்த உறுப்பினர் வாங்கிய ஓட்டு, அவரிடம் தோற்றவர் வாங்கிய ஓட்டு, தோற்றவரின் மைத்துனர் கட்சி மாறிய கிழமை வரைக்கும் சொல்லி முடிப்பார். அதற்குள் மழை வந்து, நின்று, தெருவும் காய்ந்திருக்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு தையல்காரர். எட்டுத் தேர்தல் பார்த்தவர். எட்டிலும் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டவர். முதல் உறுப்பினர் சபையில் தூங்கினார், இரண்டாமவர் நன்றி சொல்ல வழி தவறிப் பக்கத்துத் தொகுதிக்குப் போனார், மூன்றாமவர் ஆறே இல்லாத இடத்தில் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார், நான்காமவர் அந்தக் கல்லுக்குத் திறப்பு விழா நடத்தினார். எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அளவெடுக்கும்போதுதான் ஆபத்து. ஒரு வாத்தியாரின் இடுப்பு முப்பத்திநாலு. மூன்றாவது தேர்தலில் ஓட்டு வித்தியாசம் நாற்பத்தொன்று. வாய் சொன்னதைக் கை எழுதிவிட்டது.

"ஏங்க, இந்தப் பேண்ட்டுக்குள்ள இன்னொருத்தரும் வரலாம் போல இருக்கே?" என்றார் வாத்தியார்.

"வரட்டுமே சார். அந்தத் தேர்தல்லயும் கூட்டணிதானே!"

இப்படிப்பட்டவர் வீட்டோடு வைத்திருந்த கடைக்கு ஒருநாள் எல்லை அளக்கும் குமாஸ்தா வரைபடத்தோடு வந்தார். தொகுதி எல்லையை மாற்றி வரைகிறார்களாம்.

"புதுக் கோடு உங்க கடைக்குள்ளதாங்க போகுது. மெஷின் இருக்கிற பக்கம் பழைய தொகுதி. துணி வெட்டற மேஜை பக்கத்துத் தொகுதி."

தொகுதியார் சத்தமில்லாமல் மேஜையிலிருந்து மெஷின் பக்கம் தாவினார்.

"தாவினா ஆச்சா? வீட்டு வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஓட்டு."

வாசல் மேஜைப் பக்கம் இருந்தது. தொகுதியாருக்கு முகம் செத்துவிட்டது. போயும் போயும் பக்கத்துத் தொகுதியா? வழி தவறி வந்தவருக்கு மாலை போட்ட கூட்டமாயிற்றே! அவர்களுடைய உறுப்பினர்களின் பட்டியலை இந்த வயதில் இனிமேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதா?

"எந்தத் தொகுதியா இருந்தா என்னங்க, தெருக்குழாய்ல தண்ணி வந்தாச் சரி" என்றார் அவர் மனைவி.

"உனக்கென்னடி தெரியும்? ஒன்பதாவது ஓட்டை நான் இங்கதான் போடணும்."

மறுநாளே கொத்தனாரை அழைத்தார். முன்வாசலைப் பலகையடித்து மூடினார். பின்சுவரை இடித்துப் புதுவாசல் வைத்தார். எல்லா அலுவலகத்துக்கும் கடிதம் போட்டார். துணி கொடுக்க வந்தவர்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குழாய் பழைய வாசலில் இருந்ததால், மனைவி குடத்தோடு தெருவைச் சுற்றி நடந்தார்.

தேர்தல் நாள் வந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாகப் பழைய தொகுதியின் சாவடியில் போய் நின்றார்.

"உங்க பேரு இங்க இல்லீங்களே. பக்கத்துத் தொகுதிக்கு மாத்தியாச்சு."

அங்கே ஓடினார்.

"பின்பக்கம் வாசல் வெச்சுட்டீங்கன்னு கடிதம் வந்துச்சு. குடும்பத்தோட எடுத்துட்டோம்."

எட்டுத் தேர்தலின் ஓட்டு வித்தியாசத்தையும் ஒப்பிக்கத் தெரிந்தவருக்கு ஒன்பதாவதில் ஓட்டே இல்லை. திரும்பி வந்து புதுவாசலில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, நாம எந்தத் தொகுதியிலயும் இல்லேன்னா, நம்ம வீடே ஒரு தொகுதிதானே?"

தொகுதியார் மெல்லத் தலையை நிமிர்த்தினார். கண்ணில் வெளிச்சம் வந்தது. மெஷினுக்குப் பின்னால் திரை கட்டினார். பட்டன் டப்பாவைக் காலி செய்து ஓட்டுப்பெட்டி ஆக்கினார். வாக்காளர் மூவர். வேட்பாளர்கள் அவரும் மனைவியும். பிரசாரத்தில் அவர் தொகுதியின் வரலாற்றை ஒரு மணி நேரம் பேசினார். அம்மாள் ஒரே வரிதான் பேசினார்: "நான் ஜெயிச்சா முன்வாசல் திறக்கும்."

முடிவு: அம்மாளுக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. டெபாசிட் மட்டும் தப்பியது.

அன்று சாயங்காலமே பலகை பிரிந்தது. அந்த வாரமே வாத்தியாரின் பேண்ட் முப்பத்திநாலுக்குச் சுருங்கியது. எட்டுத் தேர்தலில் நடக்காத காரியங்கள்! தொகுதியாருக்கோ கவலையே இல்லை. அடுத்து வந்தவரின் தோளில் டேப்பைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்: "நம்ம தொகுதியோட முதல் மெம்பர் இருக்காங்களே, ஒரே ஓட்டு வித்தியாசம்..."

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயர் இப்போது சட்டென்று நினைவுக்கு வந்ததா? அவருக்கு முன்னால் இருந்தவர் பெயரும்? தோற்றவருடைய மைத்துனர் பெயர்கூடவா? அப்படியானால் எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் எவ்வளவு தூரம் நடந்து தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தேர்தல் அங்கேதான்.